காற்றும் கவிஞரும்: பாரதியின் வசன கவிதை குறித்து ஒரு நோக்கு

காற்று கண்ணுக்குப் புலனாவதில்லை. அதன் விளைவுகளைக் கொண்டே அதனை அறிகிறோம். இதனாலேயே ஐதீகங்கள் அதற்கு உருவமும் பெயரும் அளித்தன. கவிஞர் அதற்குக் குணம் கற்பித்தனர். இக்கற்பனைகளை வெறும் அலங்காரமெனக் கொள்வதற்கில்லை. இயற்கையின் முன் மனிதன் தன்னை எவ்வாறு மதித்தான் என்பதற்கு அவை சான்றாகும். பாரதியின் வசன கவிதையில் இடம்பெறும் ‘காற்று’ என்னும் பகுதியை இந்நோக்கில் அணுகுவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

கடலோடிய சமூகங்கள் காற்றை ஆளக் கனவு கண்டன. ஹோமரின் ஒடிசியில், பத்தாம் காண்டத்தில், காற்றுகளின் காவலனான ஏயோலஸ் அவற்றைத் தோற்பையொன்றில் கட்டி ஒடிசியஸிடம் கொடுக்கிறான். பையினுள் பொன்னும் வெள்ளியும் இருப்பதாக எண்ணிய மாலுமிகள், தலைவன் உறங்குகையில் அதனை அவிழ்க்கின்றனர். தாயகம் கண்ணுக்குத் தென்பட்ட வேளையில் கப்பல்கள் மீண்டும் அடித்துச் செல்லப்படுகின்றன. புறநானூற்று 66ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியார், கரிகாலனின் முன்னோனைக் காற்றைத் தொழில் கொண்டு கலம் செலுத்தியவனெனப் போற்றுகிறார். முன்னையதில் காற்றின்மீதான ஆட்சி தெய்வத்தின் கொடை. பின்னையதில் அது வேந்தனின் பெருமை. பாய் விரித்து உழைத்த மாலுமிக்குக் கிரேக்கக் கதையில் கிடைப்பது பழி. தமிழ்ப் பாட்டில் அதுவும் இல்லை.

ஷெல்லியிடம் இந்நிலை மாறுகிறது. 1819ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் மன்செஸ்ரரில் உரிமை கோரித் திரண்ட மக்கள்மீது குதிரைப்படை ஏவப்பட்டது. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில், இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்கு அருகே, மேல்காற்றை விளித்து ஷெல்லி தமது பாடலை இயற்றினார். அங்கு காற்று அழிப்பதும் காப்பதுமான மாற்றத்தின் சக்தி. கவிஞர் அதனை ஆள விழையவில்லை. அதன் கைக்கருவியாகவே வேண்டுகிறார். எனினும் அவ்வேண்டுதல் தனியொருவரின் வேண்டுதலாகவே ஒலிக்கிறது.

‘ஷெல்லிதாசன்’ என்னும் புனைபெயரைப் பூண்டவர் பாரதி. எனவே அவரது காற்றை ஷெல்லியின் எதிரொலியாகக் கொள்ளுதல் எளிது. வாயுவைத் தெய்வமாக விளிப்பதனால் அதனை வேத மரபின் மீட்சியெனக் கொள்ளுதலும் எளிது. இரண்டிலும் ஓரளவு உண்மையுண்டு. ஆயின் இரண்டும் போதா. பந்தலில் தொங்கும் இரு கயிற்றுத் துண்டுகளைக் கந்தன், வள்ளியம்மை எனப் பெயரிட்டுப் பேசவைக்கும் இடத்தை நோக்குக. காற்று வீசும்வரை அவை உயிருடையன, நின்றதும் வெறுங்கயிறு. வாயுவே உயிர் என்னும் பழந்தத்துவம் இங்கு சாதாரண வீட்டுப் பொருளில் வந்து தங்குகிறது.

இதனினும் முக்கியமானது, புயற்காற்றை நோக்கிப் பேசும் இடம். காற்று நொய்ந்தவற்றைப் புடைத்து நொறுக்குகிறது. சிறு தீயை அவித்துப் பெருந்தீயை வளர்க்கிறது. ஆதலால் வீட்டையும் உடலையும் உள்ளத்தையும் உறுதியாக்க வேண்டும், அப்போது காற்று நட்பாகும் என்கிறார் பாரதி. காற்றைக் கட்டுதலுமின்றி, அதற்குத் தன்னை ஒப்புக்கொடுத்தலுமின்றி, அதன் முன் தகுதி பெறுதலே இங்கு வற்புறுத்தப்படுகிறது.

இக்கருத்தை நாம் ஆராயாது ஏற்றல் இயலாது. 1978ஆம் ஆண்டு நவம்பரில் கிழக்கிலங்கையைச் சூறாவளி தாக்கியபோது மட்டக்களப்புப் பிரதேசத்தில் வீடுகளும் தென்னந்தோட்டங்களும் பேரழிவுக்குள்ளாயின. கிடுகு வேய்ந்த வீட்டில் வாழ்பவன் உள்ள உறுதி குறைந்தவனல்லன். கல்வீடு கட்டப் பொருளற்றவன். மெலிவைக் குற்றமாகக் காணும் பார்வை, அம்மெலிவுக்குக் காரணமான வறுமையை மறைத்துவிடக்கூடும். தனிமனித ஒழுக்கமாக மட்டும் வாசிக்கப்படுமாயின் பாரதியின் அறிவுரை ஏழையைப் பார்த்து நகைக்கும் காற்றோடு சேர்ந்துவிடும்.

ஆயின் அவ்விடத்தில் பாரதி கையாள்வது தன்மைப் பன்மை. வீட்டைத் திண்மையாகக் கட்டுவது ‘நான்’ அன்று, ‘நாம்’. தெய்வத்தின் கொடையாகவும் வேந்தனின் பெருமையாகவும் தனிக்கவிஞரின் வேண்டுதலாகவும் இருந்த ஒன்று, இங்கு பலர் கூடிச் செய்யும் வேலையாகிறது. அந்த ‘நாம்’ யாவர் என்பதைக் கவிதை வரையறுக்கவில்லை. அதில் குடிசைவாசியையும் உள்ளடக்கி வாசிக்கும்போதே பாரதியின் காற்று முழுப்பொருள் பெறும் எனலாம்.