ஃபேன்டோமா: ஆற்றலும் முகமும்

1940 பிப்ரவரியில் 'ஜங்கிள் காமிக்ஸ்' இரண்டாம் இதழில் ஃபிளெட்சர் ஹேங்க்ஸ், பார்க்ளே ஃபிளாக் என்னும் புனைபெயரில் படைத்த ஃபேன்டோமா, வொண்டர் வுமனுக்கு ஏறத்தாழ ஈராண்டு முந்தியவள். முதல் பெண் அதிநாயகி யார் என்னும் விவாதத்திலேயே அவள் பெயர் பெரும்பாலும் எழுகிறது. காலமுன்மையினும் கவனத்திற்குரியது அவளது ஆற்றல் காட்சியாக்கப்பட்ட முறை.

காட்டைக் காக்கும் அவளுக்குத் தோற்றக் கதை இல்லை. ஆற்றலின் மூலமும் எல்லையும் கூறப்படவில்லை. பறக்கிறாள், தீயோரை உருமாற்றித் தண்டிக்கிறாள். எதிர்த்து நிற்பார் எவருமில்லாமையால் கதையில் மோதலுக்கே இடமில்லை. குற்றமும் தண்டனையுமே எஞ்சுகின்றன. கதைப்பின்னல் என்ற அளவில் இது வறுமையே. ஆயினும் ஆற்றல் வெளிப்படும் கணத்தில் அவளது அழகிய முகம் நீல மண்டையோடாகிறது. பொன்னிறக் கூந்தல் மட்டும் மாறுவதில்லை. காட்டழகியைக் கண்டு மகிழ வந்த வாசகப் பார்வை அங்கே திகைத்து நின்றுவிடுகிறது. அதே கூந்தல் மற்றொன்றையும் காட்டிக்கொடுக்கிறது: ஆப்பிரிக்கக் காட்டின் காவலை வெள்ளைப் பெண்ணிடம் ஒப்படைக்கும் அக்காலக் காலனியக் கற்பனையை மண்டையோடும் மறைக்கவில்லை.

1941இல் ஹேங்க்ஸ் விலகியபின் பாத்திரம் பிறர் கைக்குச் சென்றது. ஆற்றல் படிப்படியாகக் குன்றியது, மண்டையோடு மறைந்தது, அவள் 'ஃபாரோக்களின் மகள்' ஆனாள். இவற்றைத் தொடர்பற்ற மாற்றங்களாகக் கொள்வதற்கில்லை. எல்லையற்ற ஆற்றலுக்கு அழகே விலையாக வைக்கப்பட்டிருந்தது. அழகிய முகம் நிலைபெற்றபோது அவ்வாற்றல் எஞ்சவில்லை.