பழுது பார்க்கக் கூடாத கடிகாரம்

காலத்தைப் பின்னோக்கி ஓட்டும் கதைகளில் எனக்கு அதிக மோகம் கிடையாது. அப்படி ஒரு யந்திரம் கையில் அகப்பட்டதும் கதாசிரியர்கள் செய்கிற முதற் காரியம், நடந்துபோன தவற்றைத் திருத்திவிடுவதுதான். 2015இல் வெளிவந்த 'இன்று நேற்று நாளை' என்ற தமிழ்ப் படத்தில், அந்த யந்திரத்தை வைத்துக்கொண்டு காணாமற்போன சாமான்களைக் கண்டுபிடித்துச் சொல்லி, ஜோசியம் என்ற பெயரில் ஜீவனம் நடத்துகிறார்கள் இரண்டு வாலிபர்கள். நம் ஊர்க்காரன் மெய்யாகவே அப்படித்தான் செய்வான் என்று எண்ணி நானும் சிரித்தேன். அடுத்த ஆண்டு வந்த '24' படத்தில் யந்திரம் ஒரு கைக்கடிகாரமாகிவிட்டது. அண்ணன் தம்பிப் பகை, கொலை, பழி எல்லாம் அதில் உண்டு. கடைசியில் கதை கொலை நடந்த காலத்துக்கே திரும்பிப் போய், நடந்த சாவு நடக்காமற்போகிறது. கொட்டகையில் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும், யாரோ என் பையிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போனாற்போல் இருந்தது. இரண்டரை மணி நேரம் நான் பட்ட துக்கம் எங்கே போயிற்று?

ஆகையால் பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' என்ற டெலிவிஷன் தொடரைப் பற்றிப் பலர் சொல்லியும் நான் அதைச் சட்டை செய்யவில்லை. தொடர் பழையது. 1963 நவம்பர் 23ஆம் தேதி, அமெரிக்காவில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள், முதன்முதலாக ஒளிபரப்பானது. குழந்தைகளுக்குச் சரித்திரமும் விஞ்ஞானமும் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும் என்பது அன்றைய நோக்கம். முதற் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசேன் லக்னோவில் பிறந்தவர் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. போலீஸ்காரர்களுக்காகத் தெருவில் வைத்திருந்த நீலப் பெட்டி ஒன்றில் ஏறி, எந்தக் காலத்துக்கும் எந்த உலகத்துக்கும் போய் வருகிற ஒருவர்தான் கதாநாயகர். அவருக்குச் சாவு நெருங்கினால் முகமும் உடம்பும் மாறி வேறு ஆளாகிவிடுவார். நடிகர்களை மாற்றுவதற்கு இதைவிடச் சௌகரியமான உபாயத்தை எந்த நாடகக் கம்பெனியும் கண்டுபிடித்ததில்லை! 2018இல் அந்த வேஷத்தை முழுத் தொடருக்கும் ஏற்றவர் ஜோடி விட்டேக்கர் என்ற பெண்மணி.

மதுரையில் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி விடுமுறைக்கு டி. கல்லுப்பட்டிக்கு வந்திருந்தாள். "தாத்தா, இது நம்ம தேசத்துக் கதை. ஐம்பது நிமிஷம்தான், உட்காருங்க" என்று அவள் சொன்னதன் பேரில் ஓர் அத்தியாயத்தைப் பார்த்தேன். 'பஞ்சாபின் அரக்கர்கள்' என்பது அதன் தலைப்பு. எழுதியவர் வினய் படேல். 2018 நவம்பர் 11ஆம் தேதி ஒளிபரப்பானது. போரில் மாண்டவர்களை ஆங்கிலேயர் நினைவுகூருகிற நாள் அது. தேதிப் பொருத்தம் எத்தனை பொருள் நிறைந்தது என்பது கதையைக் கேட்டால் விளங்கும்.

ஷெஃபீல்டு நகரில் வாழும் யாஸ் என்ற பெண்ணுக்கு அவள் பாட்டி உம்பிரீன், உடைந்துபோன பழைய கைக்கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுக்கிறாள். அதை ஒருநாளும் பழுது பார்க்கக் கூடாது என்பது பாட்டியின் கண்டிப்பான உத்தரவு. காரணம் சொல்ல மறுக்கிறாள். யாஸ் டாக்டரை நச்சரித்து, பாட்டியின் இளமைக் காலத்துக்குப் போகிறாள். அவர்கள் இறங்குகிற இடம் 1947 ஆகஸ்டு மாதத்துப் பஞ்சாப். தேசப் பிரிவினையின் எல்லைக் கோடு இன்னதென்று வெளியான 17ஆம் தேதி அங்கே வருகிறது. முஸ்லிம் பெண்ணான உம்பிரீனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பிரேம் ஓர் இந்து. இவர் நம் தாத்தா அல்லவே என்று யாஸ் திடுக்கிடுகிறாள். அந்த வினாடியிலேயே பிரேமின் கதி என்னவாகும் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

கல்யாணத்தை நடத்தி வைக்க வரவேண்டிய சாது காட்டில் செத்துக் கிடக்கிறார். பக்கத்தில் வேற்றுலகத்தார் இருவர். கொலைகாரர்கள் இவர்களே என்று டாக்டரும் நினைக்கிறார், நாமும் நினைக்கிறோம். ஆனால் சாதுவைக் கொன்றவன் பிரேமின் சொந்தத் தம்பி மனீஷ். இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் கல்யாணமா என்ற வெறி. முடிவில் அவன் அழைத்து வந்த குதிரைப் படையின் எதிரே பிரேம் ஆயுதமில்லாமல் நின்று பேசிப் பார்க்கிறான். உம்பிரீனும் அவள் தாயும் தப்பி ஓடுகிறார்கள். டாக்டரும் நண்பர்களும் திரும்பிப் பாராமல் நடக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான்.

"யந்திரம் கையிலே இருக்கு. எதுக்குத் தாத்தா காப்பாத்தலை?" என்று பேத்தி கோபித்துக்கொண்டாள்.

கதைக்குள்ளேயே ஒரு பதில் இருக்கிறது. பிரேம் பிழைத்திருந்தால் உம்பிரீன் வேறொருவரை மணந்திருக்க மாட்டாள். யாஸ் பிறந்தே இருக்க மாட்டாள். இது கணக்கு வாத்தியார் சொல்கிற பதில். பிழையில்லாத பதில்தான். ஆனாலும் இதற்காக யாரும் கண்ணீர் விடப்போவதில்லை. நான் மதிக்கிற பதில் வேறு. பிரேமைக் காப்பாற்றிவிட்டால், அந்த ஆண்டு பஞ்சாபில் காப்பாற்றப்படாதவர்களை என்ன செய்வது? மாண்டவர்களின் தொகையை இரண்டு லட்சம் என்று சொல்வாருண்டு, இருபது லட்சம் என்று சொல்வாருமுண்டு. வீடு வாசல் இழந்து எல்லை தாண்டியவர்கள் ஒரு கோடிக்கு மேல். கதாநாயகிக்கு வேண்டியவன் என்பதற்காக ஒருவனை மட்டும் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டால், மற்ற எல்லோரையும் இரண்டாம் தடவை கைவிட்டது போலாகும்.

தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதன்று. என் கதையொன்றில் வரும் பெண் சாகப் போகிறாள் என்று மோப்பம் பிடித்த வாசகிகள் கடிதமாய் எழுதிக் குவித்தார்கள். 'பேனா உங்கள் கையில்தானே இருக்கிறது?' என்று ஒருவர் கேட்டிருந்தார். பேத்தியின் கேள்வியேதான். அந்தப் பெண் செத்துத்தான் போனாள். அந்த வாசகி பிறகு எனக்குக் கடிதம் எழுதவில்லை.

வேற்றுலகத்தாரைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே. திஜாரியர் என்பது அவர்கள் பெயர். ஒரு காலத்தில் கொலைத் தொழிலில் பேர்போன இனம். அவர்களுடைய உலகம் அழிந்தபோது, தங்கள் ஜனங்கள் மடிந்ததைப் பார்க்க இவர்கள் அருகில் இல்லை. அன்றிலிருந்து, எங்கெங்கே யாருமில்லாமல் ஒருவன் சாகிறானோ அங்கெல்லாம் போய்ப் பக்கத்தில் நிற்பதையே விரதமாகக் கொண்டிருக்கிறார்கள். எதையும் தடுப்பதில்லை. நிற்கிறார்கள், பார்க்கிறார்கள், நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். போரில் தன் அண்ணன் இறந்தபோது இவர்கள் உடல் அருகே நின்றதைப் பிரேம் பார்த்திருக்கிறான். கொலை செய்தார்கள் என்று அப்போது எண்ணியவன், கதைப் போக்கில் உண்மையை அறிகிறான். தொடரின் வழக்கப்படி ஒரு பூதம் வந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தையே கதாசிரியர் இப்படித் துக்கம் விசாரிக்க வந்தவராக மாற்றிவிட்டாரே, அந்தச் சாமர்த்தியத்தை எத்தனை பாராட்டினாலும் தகும்.

பஞ்சாபில் நடந்ததை நம் பக்கத்து ஜனங்கள் பத்திரிகையில் படித்தார்கள், வானொலியில் கேட்டார்கள். திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில் அகதிகள் கூட்டம் வரவில்லை. ஆனால் தமிழர்களுக்கும் சாட்சியில்லாத சாவுகள் உண்டு. அந்த யுத்த காலத்திலேயே, 1942-43இல், ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து வேலைக்குக் கொண்டுபோன தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் ஆயிரம் ஆயிரமாக மாண்டார்கள். அதே பாதையில் இறந்த வெள்ளைக்காரக் கைதிகள் சுமார் பன்னீராயிரம் பேர். காஞ்சனபுரியில் அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறை வரிசைகள் இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படி வரிசைகள் இல்லை. அந்த யுத்த காலத்துத் தமிழர் வாழ்வை அருகிலிருந்து பார்த்து எழுதியவர் ப. சிங்காரம். மதுரையில் ஒரு தினசரியில் வேலை பார்த்துக்கொண்டு தனிக்கட்டையாக வாழ்ந்த அவருடைய 'புயலிலே ஒரு தோணி' 1972இல்தான் நூலாயிற்று. அதை வெளியிட ஆள் கிடைக்க அவர் வெகு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. திஜாரியரைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்த முகம் அவருடையது.

குறை சொல்லாமல் விட்டால் இது விமரிசனமாகாது. முதற் குறை, அந்த வீடு. படப்பிடிப்பு ஸ்பெயின் தேசத்தில் நடந்ததாம். மேட்டு நிலத்தில் தன்னந்தனியாக நிற்கிறது வீடு. அண்டை அயல் இல்லை, கிணற்றடி இல்லை, கடைத்தெரு இல்லை. சீக்கியக் குடும்பம் ஒன்றுகூடக் கதையில் இல்லை. பஞ்சாப்பின் கதையில் இதைவிடப் பெரிய விடுதல் இருக்க முடியுமா? எங்கள் கல்லுப்பட்டியில் ஒரு கல்யாணம் நடக்கட்டும், சாவு விழட்டும், நாலு தெரு ஜனம் வாசலில் நிற்கும். பிரிவினையின் கொடுமையே, நேற்றுவரை அப்படி வாசலில் வந்து நின்றவன் இன்று தீப்பந்தத்தோடு வந்ததுதான். அயலான் இல்லாத ஊரில் அந்தத் துரோகத்தை எப்படிக் காட்டுவது? எல்லாவற்றையும் ஒரு தம்பியின் தலையில் சுமத்திவிட்டார்கள். அந்தத் தம்பியாவது எப்படி வெறியன் ஆனான் என்று விவரமாகக் காட்டினார்களா என்றால், அதற்கும் நேரமில்லை.

கோடு போட்டவரையும் காணோம். சிரில் ராட்கிளிஃப் அதற்கு முன் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. 1947 ஜூலை 8ஆம் தேதி வந்து, ஐந்தே வாரத்தில் பஞ்சாபையும் வங்காளத்தையும் வகிர்ந்துவிட்டுப் போனார். அவர் போட்ட கோடு கதையில் வருகிறது, அவர் வரவில்லை. ஆங்கிலேயரின் டெலிவிஷன் ஆங்கிலேயரின் பங்கைக் கொஞ்சம் மெதுவாகத்தான் உச்சரிக்கிறது என்று சொன்னால் பொய்யாகாது. டாக்டரம்மாள் கல்யாணத்தில் அன்பைப் பற்றிச் செய்கிற பிரசங்கமும் நீளம். சிறுவர்கள் அதற்குள் கொட்டாவி விட்டிருப்பார்கள்.

இவ்வளவையும் மன்னிக்க வைப்பது பிரேம் கடைசியில் போய் நிற்கிற நிலை. எதிர்காலத்திலிருந்து வந்தவர்களுக்கு நடக்கப் போவது தெரியும், ஆனால் கை கட்டப்பட்டிருக்கிறது. பிரேமுக்கு எதுவும் தெரியாது. ஆகவே அவனால் போய் நிற்க முடிகிறது. அதே ஆகஸ்டில் வேறொருவரும் இப்படிப் போய் நின்றார். சுதந்திர தினத்தன்று காந்தியடிகள் டில்லியில் இல்லை. கல்கத்தாவில், கலவரம் நடந்த பேலியகட்டா பகுதியில் ஒரு முஸ்லிமின் பாழடைந்த வீட்டில் இருந்தார். மறுபடி கலகம் மூண்டபோது செப்டம்பர் 1ஆம் தேதி உண்ணாவிரதம் தொடங்கினார். 4ஆம் தேதி முடித்தபோது நகரம் அடங்கியிருந்தது. பஞ்சாபில் ஒரு சேனையால் ஆகாத காரியம் அது. ஐந்து மாதம் சென்று அவரையும் துப்பாக்கிதான் கொண்டுபோயிற்று. பிரேம் தோற்றான், கல்கத்தாவில் அவர் ஜெயித்தார். ஆனால் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல்தான் இருவரும் நின்றார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது வெறும் புஸ்தக விஷயமன்று. 1940இல் கோ. வேங்கடாசலபதி இங்கே காந்தி நிகேதனைத் தொடங்கினார். ஜே. சி. குமரப்பா தம் கடைசிக் காலத்துக்கு இந்த ஊரைத்தான் தேர்ந்தெடுத்தார். சுதந்திர இந்தியா பெரிய யந்திரங்களின் பாதையில் போவதைப் பார்த்துக்கொண்டே, கிராமத்துச் செக்கையும் சாணத்தையும் பற்றி இங்கே பேசிக்கொண்டிருந்தவர் அவர். தோற்கும் கட்சி என்று தெரிந்தே நின்றார் என்று சிலர் சொல்வார்கள். அவருக்கு அப்படித் தோன்றியதாக நான் நினைக்கவில்லை. 1960இல் அவர் காலமானதும் ஜனவரி 30ஆம் தேதியே.

கடிகாரத்துக்கு வருகிறேன். கல்யாணம் ஆனதும் பிரேம் அதை உம்பிரீனுக்குக் கொடுக்கிறான். கை நழுவிக் கீழே விழுந்து, அந்த நேரத்திலேயே நின்றுவிடுகிறது. '24'இல் கடிகாரம் ஓடி ஓடிச் சாவை அழித்தது. இங்கே நின்றுபோன கடிகாரம் ஒரு பிற்பகலை எழுபது வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறது.

ஷெஃபீல்டுக்குத் திரும்பிய யாஸ் பாட்டியின் அருகே போய் உட்காருகிறாள். அவளுக்கு இப்போது எல்லாம் தெரியும். கடிகாரத்தின் கதையைச் சொல்லட்டுமா என்று பாட்டியே கேட்கிறாள். இன்னொரு நாள் சொல்லுங்கள் என்று விடுகிறாள் பேத்தி. வயதான உம்பிரீனாக நடித்த லீனா திங்ரா அந்த இடத்தில் முகத்தில் எதையும் காட்டவில்லை. பேத்தியை ஒரு பார்வை பார்க்கிறார். பேத்தி எங்கே போய்விட்டு வந்தாள் என்பது பாட்டிக்குத் தெரிந்திருக்குமோ என்ற ஐயம் நமக்கு வந்துவிடுகிறது. அதற்குக் கதாசிரியர் பதில் எழுதவில்லை.