கடைசி நாள் என்று தெரியாமல் நடிப்பது

நாளை சிறை என்றால் இன்றைய பொழுதை ஒருவன் எப்படிக் கழிப்பான்? ஸ்பைக் லீயின் '25த் ஹவர்' (2002) படத்தில் எட்வர்ட் நார்ட்டனுக்கு அந்த ஒரு நாள் முழுசாகக் கிடைக்கிறது. போதைப்பொருள் வழக்கில் ஏழு ஆண்டு தண்டனை. அப்பாவைப் பார்க்கிறான். நண்பர்களோடு குடிக்கிறான். தன் அழகான முகமே உள்ளே வினையாகும் என்று பயந்து, அதை அடித்துக் குலைக்கச் சொல்லி நண்பனையே கேட்கிறான். விடைபெற அவனுக்கு அவகாசம் இருக்கிறது.

'ஜெய் பீம்' படத்தில் போலீஸ் லாக்கப்பில் சாகும் ராசாகண்ணுவுக்கு அது இல்லை. 2021 நவம்பரில் படம் வந்தபோது சூர்யாவின் வழக்கறிஞர் பாத்திரத்தைப் பற்றி நிறையப் பேசினோம். ராசாகண்ணுவாக நடித்த மணிகண்டனைப் பற்றிப் பேசியது போதாது. லாக்கப் காட்சிகளின் வலி எல்லோரையும் உலுக்கியது, சரி. ஆனால் அவர் நடிப்பின் உச்சம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. எலி பிடிக்கிறார், ஊர்ப் பெரிய வீட்டில் பாம்பு பிடிக்கிறார், கல்வீட்டுக் கனவோடு மனைவி செங்கேணியை விட்டு சூளை வேலைக்குக் கிளம்புகிறார். பாம்புக்கு முன் நடுங்காத உடம்பு, ஆட்களுக்கு முன் குறுகிவிடுகிறது. முடிவு தெரிந்த நடிகரின் பாரம் அந்த முகத்தில் எங்குமே ஏறவில்லை. இன்னும் பத்து ஓவர் இருக்கிறது என்று நம்பி ஆடும் மட்டையாளரைப் போல நிதானமாக இருக்கிறார். பார்க்கும் நமக்குத்தான் பதறுகிறது. செங்கேணியாக வரும் லிஜோமோல் ஜோஸ் அதே அளவுக்கு ஈடுகொடுத்திருக்கிறார்.

படத்துக்கு அடிப்படையான நிஜ ராசாகண்ணு முதனை கிராமத்துக்காரர், குறவர். 1993 மார்ச்சில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு உயிரிழந்தார். இயக்குநர் த.செ.ஞானவேல் அவரை இருளராக மாற்றியதில் கதை விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வாழ்க்கைக்கு நெருக்கமாக வந்துவிட்டது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கி, சாதிச் சான்றிதழுக்கும் பொய் வழக்குகளுக்கும் ஆண்டுக்கணக்கில் போராடிவருகிறார். விசாரணை என்று ஜீப் வரப்போகும் நாளை இருளர் குடியிருப்புகளில் யாரும் முன்கூட்டி அறிய முடியாது. மணிகண்டன் இதைப் புரிந்துகொண்டு நடித்திருக்கிறார்.

2021-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகள் 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டன. 'ஜெய் பீம்' படத்துக்கு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் 2021-இன் தமிழ் நடிப்பில் என் முதலிடம் மணிகண்டனுக்குத்தான்.