ஒன்பது பேர், மூன்று வாரம்

எதிர் ஃப்ளாட் பையன், எட்டாவது படிக்கிறவன், ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ புத்தகத்தை ஒரு வழியாக முடித்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். ‘‘என்ன அங்கிள் இது? ஆயிரம் பக்கம் நடந்து போய்ட்டு, கடைசியில ஹீரோ ஒண்ணுமே பண்ணலை. கோல்லம் தானா வழுக்கி விழுந்துடறான். சினிமாவுல சண்டையாவது போட்டான்!’’

(கோலம் என்று எழுதினால் வாசலில் போடுவதாகிவிடும். அதனால் கோல்லம்.)

பையன் சரியான இடத்தில் கை வைத்துவிட்டான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு: சௌரான் என்கிற தீயவன் செய்த மோதிரம், ஃப்ரோடோ என்ற குட்டை மனிதனிடம் வந்து சேர்கிறது. அதை வார்த்த எரிமலையிலேயே போட்டால்தான் அழியும். துணைக்கு எட்டுப் பேர். தோட்டக்காரன் சாம், ஃப்ரோடோவின் உறவுக்காரப் பையன்கள் மெர்ரி, பிப்பின், மந்திரவாதி கேண்டால்ஃப், ராஜ்யம் இல்லாத ராஜா அரகார்ன், போர்வீரன் போரோமிர், எல்ஃப் இனத்து லெகொலஸ், சுரங்கக் குள்ளர் இனத்து கிம்லி. ஒன்பது பேரில் ஒரு பெண்கூட இல்லை. 1954, 55-ல் மூன்று பாகமாக வந்த புத்தகம். இன்று யாராவது எழுதினால் இதற்கே திட்டு வாங்குவார்கள்.

இதற்கு அப்புறம் வந்த எத்தனையோ ஃபேன்டஸி நாவல்களும் கம்ப்யூட்டர் கேம்களும் இந்தக் குழுவை அப்படியே எடுத்துக்கொண்டன. ஒரு மந்திரவாதி, ஒரு வில்லாளி, ஒரு கோடரிக்காரன், புதையலை நோக்கிப் புறப்பாடு! காப்பியடித்தவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனிக்கவில்லை. ஒன்று, இவர்கள் எதையும் அடையப் போகவில்லை, தொலைக்கப் போகிறார்கள். இரண்டு, இந்தக் கோஷ்டி சேர்ந்திருந்தது எத்தனை நாள் தெரியுமா? புத்தகத்தின் கடைசியில் டோல்கீன் தேதி வாரியாக ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். டிசம்பர் 25 கிளம்புகிறார்கள். ஜனவரி 15, கேண்டால்ஃப் பாதாளத்தில் விழுகிறார். அவ்வளவுதான், மூன்று வாரம். பிப்ரவரி 26, போரோமிர் மோதிரத்துக்கு ஆசைப்பட்டு, வெட்கப்பட்டு, மெர்ரியையும் பிப்பினையும் காப்பாற்றப் போய்ச் செத்துப் போகிறான். மற்றவர்கள் ஆளுக்கொரு திசை. மிச்சக் கதை முழுக்க, பிரிந்தவர்கள் ஒருவரையொருவர் நினைத்துக்கொண்டே நடக்கிற கதை.

ஏன் இப்படி எழுதினார்? பள்ளிக்கூடத்தில் டோல்கீனுக்கு மூன்று நெருங்கிய நண்பர்கள். கில்சன், ஸ்மித், வைஸ்மன். நாலு பேரும் டீ குடித்துக்கொண்டு உலகத்தையே மாற்றப் போவதாகப் பேசியவர்கள். முதல் உலகப் போர் வந்தது. கில்சன் 1916 ஜூலை 1, சோம் யுத்தத்தின் முதல் நாளே செத்தார். ஸ்மித் அதே வருஷம் டிசம்பரில். அதற்கு முன்பே ஒரு கடிதத்தில், தான் போய்விட்டால் தான் சொல்ல நினைத்ததையெல்லாம் நீ சொல்ல வேண்டும் என்று டோல்கீனுக்கு எழுதியிருந்தார். டோல்கீனை பேன் கடித்து வருகிற பதுங்குகுழிக் காய்ச்சல் காப்பாற்றி ஊருக்கு அனுப்பிவிட்டது. இந்தக் கதை போரைப் பற்றிய உருவகம் இல்லை என்று அவர் பிடிவாதமாக மறுத்தார். சரி, ஒப்புக்கொள்வோம். ஆனால் கோஷ்டி என்றால் சீக்கிரம் கலைந்துபோவது என்பதை அவர் நூலகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை.

பையனின் கேள்விக்கு வருகிறேன். எரிமலை விளிம்பில் ஃப்ரோடோ ‘மாட்டேன்’ என்கிறான், மோதிரத்தைப் போட்டுக்கொள்கிறான். கோல்லம் அவன் விரலைக் கடித்து மோதிரத்தைப் பிடுங்கி, சந்தோஷத்தில் குதித்து, கால் தவறி விழுகிறான். பீட்டர் ஜாக்சனுக்கு (மூன்றாவது படம், 2003, பதினொரு ஆஸ்கர்) இது போதவில்லை. ஃப்ரோடோவைச் சண்டை போடவைத்து இரண்டு பேரையும் உருளவிட்டார். தியேட்டரில் சரி. ஆனால் புத்தகத்தின் உயிர் போய்விட்டது.

ஏனென்றால் அந்தக் கோல்லம் அங்கே நிற்பதே தற்செயல் இல்லை. கொல்லச் சந்தர்ப்பம் கிடைத்தும் முதலில் பில்போ விட்டான், பிறகு ஃப்ரோடோ விட்டான், கடைசியில் மலைச்சரிவில், அவனைக் கண்டாலே ஆகாத சாம்கூட விட்டான். உலகம் பிழைத்தது வீரத்தால் இல்லை, மூன்று பேர் ஓங்கிய கத்தியை இறக்கியதால். ஃப்ரோடோ தோற்றான் என்று டோல்கீனே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவனால் முடிந்த எல்லை அது, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்றும்.

குறைகள் உண்டு. ஊரை விட்டுக் கிளம்பவே ஏகப்பட்ட பக்கங்கள். பாட்டுகளை நான் தாண்டிவிடுவேன். எதிரிப் படையில் நல்லவன் ஒருத்தன்கூட இல்லை என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. ஆனால் ஊர் திரும்பினால் அங்கேயும் ரவுடிகள் புகுந்து மரங்களை வெட்டித் தள்ளியிருக்கிறார்களே, படத்தில் வெட்டிவிட்ட அந்த அத்தியாயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஃப்ரோடோவுக்குப் பழைய காயம் வருஷா வருஷம் அதே தேதியில் வலிக்கும். காப்பாற்றிய ஊரில் அவனால் இருக்க முடியாமல் கப்பல் ஏறிப் போய்விடுகிறான்.

‘‘சரி, உனக்கு எந்த இடத்துலடா அழுகை வந்தது?’’ என்று பையனைக் கேட்டேன். கேண்டால்ஃப் விழுவதைச் சொல்வான் என்று நினைத்தேன்.

‘‘சாம் அவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்த சமையல் பாத்திரத்தையெல்லாம் பள்ளத்துல போடறான்ல அங்கிள், இனிமே சமைக்க வேண்டி வராதுன்னு...’’ என்று ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்திவிட்டு, ஃப்ரிஜ்ஜில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போய்விட்டான்.