பெட்ரோல் காரை மின்காராக்கும் கிட்: யாருக்குக் கட்டுப்படியாகும்?

மத்தூர்க்காரர்களுக்கு மின்வண்டி வெளியூர்ச் சமாசாரம் இல்லை. பக்கத்துப் போச்சம்பள்ளி சிப்காட்டில் 2021 முதல் ஓலா ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. ஓசூரில் டிவிஎஸ்ஸும் ஏதரும், சூளகிரியில் சிம்பிள் எனர்ஜியும் அதே தொழிலில் இருக்கின்றன. எல்லை தாண்டினால் ஓசூர் சாலையிலேயே பொம்மசந்திரா வருகிறது. இந்தியாவின் முதல் மின்கார்களில் ஒன்றான ரேவா 2001-ல் அங்கிருந்துதான் வந்தது. ஊருக்கு ஊர் லேத்துப் பட்டறையும், வெல்டிங் கடையும், பேட்டரி லைனில் வேலை பார்த்துவிட்டு வந்த பையன்களும் இருக்கும் இந்த வட்டாரத்தில், வீட்டு வாசலில் சும்மா நிற்கும் பழைய மாருதி 800-ஐயோ ஆல்ட்டோவையோ மின்காராக்கிவிடலாமே என்ற யோசனை வருவது இயல்பு. மாற்ற முடியுமா என்றால், முடியும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கிட் விற்பவர்கள் காரைக் காட்டி விற்கும் இந்தப் பொருளில் முக்கால்வாசி விலை பேட்டரிக்கும் அதைக் கட்டி மேய்க்கும் கருவிகளுக்கும்தான் போகிறது. ஆகவே இதைக் கார் வாங்குவதாக எண்ணிப் பார்ப்பதைவிட, பல லட்சத்துக்கு ஒரு பேட்டரி வாங்குவதாக எண்ணிப் பார்ப்பதே சரி. அந்தப் பேட்டரி தினமும் உழைக்குமா என்ற ஒரே கேள்வியில் இந்தக் கிட்டின் நல்லது கெட்டது முழுவதும் அடங்கிவிடுகிறது.

முதலில் வேலையைப் பார்ப்போம். எஞ்சின், ரேடியேட்டர், சைலன்சர், பெட்ரோல் டேங்க், ஆல்ட்டர்னேட்டர் எல்லாம் வெளியே போகும். கியர்பாக்ஸ் அப்படியே இருக்கும். எஞ்சின் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு அடாப்டர் பிளேட்டும் கப்ளிங்கும் கடைந்து, மோட்டாரைக் கியர்பாக்ஸோடு சேர்ப்பார்கள். பட்டறையின் தரம் தெரிவது இந்த இடத்தில்தான். மோட்டார் ஷாஃப்ட்டின் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டின் மையமும் மயிரிழை விலகினாலும் கொஞ்ச நாளில் பேரிங் சத்தம் போடும், ஆயில் சீல் கசியும். ஓசூர்ப் பக்கத்து நல்ல சிஎன்சி கடைக்கு இது பெரிய வேலை இல்லை. கண்ணளவில் கடையும் பழைய லேத்தை நம்பி இறங்கக் கூடாது. பிறகு கன்ட்ரோலர், சார்ஜர், பேட்டரிக்குக் காவல் நிற்கும் பிஎம்எஸ், அவசரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கான்டாக்டர், ஃபியூஸ், ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டர் என்று வரிசையாக மாட்ட வேண்டும். ஏசி வேண்டுமென்றால் கம்ப்ரஸருக்குத் தனி மோட்டார். கைத்திறன் உள்ள இரண்டு பேர் கழற்றி மாட்டிவிடக்கூடிய வேலைதான் இது. அதை மறுப்பது நேர்மையாகாது.

ஓட்டத்தில் இந்த மாற்றம் ஏமாற்றுவதில்லை. சிறிய கார் சமதரையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறக்குறைய 8 கிலோவாட் போதும். 15 கிலோவாட் மோட்டார் அதைச் சிரமமில்லாமல் தரும். நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை கிடைப்பதால் ஊருக்குள் மூன்றாவது கியரிலேயே போட்டு ஓட்டலாம். கிளட்ச்சுக்கு அநேகமாக வேலையே இல்லை. எஞ்சின் சத்தம் அடங்கிப்போவதால் இதுநாள்வரை கேட்காத கியர்பாக்ஸ் முனகலும் கதவின் தடதடப்பும் கேட்கத் தொடங்கும். பழைய வண்டியின் வயது அப்போதுதான் தெரியும். 12 யூனிட் கொள்ளும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்று வைத்துக்கொண்டால், அதில் நிம்மதியாகச் செலவழிக்கக்கூடியது 10 யூனிட். மிதமான வேகத்தில் கிலோமீட்டருக்கு 100 வாட்-மணி என்ற கணக்கில் 100 கிலோமீட்டர் ஓடும். நான்குவழிச் சாலையில் 100-ஐத் தொட்டு விரட்டினால் காற்றின் எதிர்ப்பு அதை 75 ஆக்கிவிடும். இங்கே இன்னொரு கணக்கும் உண்டு. கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர், ஓசூர் சுமார் 900 மீட்டர். ஆளோடு சேர்த்து ஆயிரம் கிலோ எடையுள்ள காரை அந்த 400 மீட்டர் மேலே தூக்க மட்டுமே ஒரு யூனிட்டுக்கு மேல் செலவாகும். அதாவது சூளகிரி வழியாக ஏறும்போது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கான மின்சாரம் ஏற்றத்துக்கே போய்விடும். இறங்கும்போது ஒரு பகுதி திரும்ப வரும், முழுவதும் வராது. மத்தூரிலிருந்து ஓசூர் போனால் போய்ச் சேரலாம். சார்ஜ் போடாமல் திரும்பி வர முடியாது. மத்தூர், போச்சம்பள்ளி, பர்கூர், கிருஷ்ணகிரி என்ற வட்டத்துக்குள் சுற்றுபவருக்கு இது ஒரு குறையே இல்லை.

குறை பிரேக்கில் இருக்கிறது. ஆல்ட்டோ போன்ற காரில் பிரேக் பூஸ்டர் எஞ்சின் உறிஞ்சும் வாக்யூமை நம்பி வேலை செய்கிறது. எஞ்சினைக் கழற்றியதும் அந்த உதவி போய்விடும். பெடல் கல்லாக இறுகும். மின்சார வாக்யூம் பம்பும், அது பழுதானால் எச்சரிக்கும் விளக்கும் இல்லாத மாற்றத்தை ஓட்டிப் பார்க்கவே கூடாது. அடுத்தது எடைப் பங்கீடு. மொத்த எடை பெரிதாக ஏறாது. கழற்றியதும் மாட்டியதும் கிட்டத்தட்ட ஈடாகிவிடும். ஆனால் முன்னால் இருந்த பாரம் டிக்கிக்குப் போகிறது. பின் ஸ்பிரிங் இறங்கும், ஸ்டியரிங் லேசாகும், ஈரச் சாலையில் பிரேக் அடித்தால் வண்டியின் குணமே மாறியிருக்கும். இதை டெஸ்ட் டிராக்கில் வைத்துச் சோதித்துச் சரிசெய்வதற்குத்தான் தொழிற்சாலைகள் பணம் செலவழிக்கின்றன. நாம் பக்கத்தில் இருக்கும் ஆலைகளைப் பார்த்து அசெம்பிளி லைனை மட்டும் கற்றுக்கொள்கிறோம். அதற்கு முன்னும் பின்னும் நடக்கும் சோதனை மதில் சுவருக்கு வெளியே தெரிவதில்லை.

இனிப் பணம். மாற்றுச் செலவு, பேட்டரி உட்பட, 5 லட்சம் என்று வைப்போம். பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய், கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 40 காசு. மின்சாரம் யூனிட் 10 ரூபாய் என்று தாராளமாகவே போட்டு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 15 காசு. ஆயில், ஃபில்டர், பிளக் செலவு இல்லாததையும் கூட்டினால் மிச்சம் கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாயை ஒட்டி வரும். போட்ட 5 லட்சம் திரும்பி வர 90 ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். கடைக்கும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகும் வீட்டுக் கார் வருடம் 8 ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். பதினோரு வருடம் ஆகும். நல்ல லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் இரண்டாயிரம் முறைக்கு மேல் சார்ஜ் தாங்கும். அந்தக் கணக்கில் இரண்டு லட்சம் கிலோமீட்டர் உழைக்கக்கூடிய சரக்கு. ஆனால் செல்லுக்கு ஓட்டத்தால் வரும் தேய்மானம் ஒன்று, சும்மா இருந்தாலே வயதால் வரும் தேய்மானம் இன்னொன்று. மே மாத வெயிலில் வாசலில் நிற்கும் காரில் இரண்டாவது தேய்மானம் வேகமாகும். வீட்டுக் காரில் பேட்டரி உழைத்துத் தேய்வதில்லை, உட்கார்ந்தே கிழடாகிறது. கொஞ்சம் ஓட்டம், பழைய கார், செலவு குறைய வேண்டும் என்பவருக்கு சிஎன்ஜி கிட் இதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விலைக்கு வரும். கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் மட்டும் மிச்சப்படுத்தினாலும் 30 ஆயிரம் கிலோமீட்டருக்குள் முதலை எடுத்துவிடும். புதிய மின்காரோடு ஒப்பிட்டாலும் நிலைமை இதுதான். டியாகோ ஈவி 2022-ல் வந்தபோது ஆரம்ப விலை 8 லட்சத்து 49 ஆயிரம். ஏர்பேக், ஏபிஎஸ், பேட்டரிக்கு உத்தரவாதம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

இதற்கு இந்தப் பக்கத்தில் உடனே ஒரு பதில் வரும்: புது பேட்டரி எதற்கு, விபத்தில் அடிபட்ட ஸ்கூட்டர்களின் பேட்டரி சல்லிசாகக் கிடைக்கிறதே, நாலைந்தைச் சேர்த்துக் கட்டினால் செலவு பாதியாகுமே? செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் தொடராகக் கட்டிய செல்களில் எது மெலிந்ததோ அதுதான் மொத்தத் தொகுப்பின் கொள்ளளவைத் தீர்மானிக்கிறது. ஒன்று ஏற்கெனவே இரண்டு வருடம் ஓடியது, ஒன்று மழைநீர் குடித்தது, இன்னொன்று கீழே விழுந்து நசுங்கியது என்று வெவ்வேறு வரலாறு உள்ளவற்றை ஒரே பெட்டியில் அடைத்தால், மெலிந்த செல் முதலில் காலியாகும், முதலில் நிரம்பும், முதலில் சூடாகும். ஸ்கூட்டர் பேட்டரியின் பிஎம்எஸ்ஸும் ஸ்கூட்டர் இழுக்கும் மின்னோட்டத்துக்கு அளவெடுத்தது. கார் ஏற்றத்தில் கேட்பதைத் தராமல் அது பாதி வழியில் துண்டித்துவிடும். அதனால் எரிச்சலாகி பிஎம்எஸ்ஸையே பைபாஸ் செய்பவர்கள் உண்டு. அதற்குமேல் தொழில்நுட்ப விமர்சனம் செய்ய ஒன்றுமில்லை, ஆபத்து மட்டும்தான் மிச்சம். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த புதிய மின்வண்டி எரிந்து தந்தையும் மகளும் இறந்தார்கள். கடையில் வாங்கிய புது வண்டிக்கே அந்த நிலை. அந்த வருடத் தீவிபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு இறுக்கியது. இரும்பு பாஸ்பேட் செல் மற்ற லித்தியம் வகைகளைவிடச் சாது. ஆனால் கட்டியவரின் கவனக்குறைவை அதுவும் மன்னிக்காது.

சட்டத்தைப் பேசினால் "யார் வந்து பார்க்கப் போகிறார்கள்" என்பார்கள். பார்ப்பவர்கள் மூன்று பேர்: எஃப்சி அதிகாரி, எல்லையில் ஆர்சி கேட்கும் போலீஸ், விபத்துக்குப் பிறகு வரும் இன்சூரன்ஸ் சர்வேயர். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததோடு பொருந்தாதபடி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. மின்கிட்டுக்கு விலக்கு உண்டு. ஏஐஎஸ் 123 என்ற தரத்தின்படி சோதித்து, குறிப்பிட்ட வண்டி வகைகளுக்கு என்று அங்கீகாரம் பெற்ற கிட்டை, அதைப் பொருத்த அனுமதி பெற்றவர் பொருத்தி, ஆர்டிஓ பார்த்து ஆர்சியில் எரிபொருளை மாற்றித் தர வேண்டும். ஹைதராபாத்தின் இ-ட்ரியோ 2019-ல் இப்படித்தான் ஆல்ட்டோவுக்கும் வேகன் ஆருக்கும் புணேயில் உள்ள சோதனை நிறுவனமான ஏஆர்ஏஐ-யின் அங்கீகாரம் வாங்கியது. ஆக, நம் சட்டத்தில் மாற்றத்துக்கு இடம் உண்டு. வீட்டுக் கொட்டகையில் தானே கட்டிய கிட்டுக்கு நடைமுறையில் இடம் இல்லை. இது நம் அதிகாரிகளின் கெடுபிடி மட்டும் என்று சொல்லிவிட முடியாது. 2020-ல் மாற்றத்தைச் சட்டபூர்வமாக்கிய பிரான்ஸும் கிட்டுக்கும் பொருத்துபவருக்கும் அங்கீகாரம் கேட்கிறது. என் வருத்தம் வேறு. ஒரு தனி வண்டியைச் சோதித்துச் சான்று தர மலிவான வழி இங்கே இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இவ்வளவு ஆலைகள் இருந்தும், சின்னப் பட்டறைக்காரர் தன் கிட்டோடு ஒரகடத்துச் சோதனை மையத்துக்கோ புணேவுக்கோதான் போக வேண்டும். அந்தச் செலவைத் தாங்க அவர் நூற்றுக்கணக்கில் விற்றாக வேண்டும்.

நல்ல பாடியை இரும்புக்கடையில் போடுவது வீண் இல்லையா என்று கேட்பவர்களின் வாதத்தை நான் மதிக்கிறேன். புதிய கார் செய்வதற்கே எவ்வளவோ எஃகும் மின்சாரமும் செலவாகின்றன. ஆனால் அந்த வாதம் மாருதி 800-க்குப் பொருந்துவதைவிட ஆம்னிக்குத்தான் பொருந்துகிறது. 1984 முதல் 2019 வரை வந்த அந்த வேனில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில், இழுவை பின் சக்கரத்தில், தரை தட்டை. பேட்டரியை இரண்டு அச்சுகளுக்கும் நடுவே தாழ்வாக வைக்க இடம் இருப்பதால் எடைப் பிரச்சினை பாதி தீர்கிறது. முக்கியமாக, ஆம்னி சும்மா நிற்கும் வண்டி இல்லை. பால், தக்காளி, பேக்கரிச் சரக்கு, கம்பெனி ஷிஃப்ட் ஆட்கள் என்று தினம் 80 கிலோமீட்டர் ஒரே தடத்தில் ஓடினால் வருடம் 24 ஆயிரம் கிலோமீட்டர்; நான்கு வருடத்துக்குள் போட்ட பணம் வந்துவிடும், பேட்டரியில் பாதிக்கு மேல் உயிர் இருக்கும். ராத்திரி ஒரே இடத்தில் நிற்கும் வண்டி என்பதால் 16 ஆம்ப் பிளக்கில் நாலைந்து மணி நேரம் போட்டால் போதும். தோட்டத்து மோட்டார் இணைப்பில் மாட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். விவசாயத்துக்குத் தரும் இலவச மின்சாரத்தில் வண்டி சார்ஜ் போட்டால் அபராதம் உண்டு.

ஆகவே தீர்ப்பு இது. வருடம் 20 ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறைவாக ஓடும் வீட்டுக் காரை மாற்றாதீர்கள். நன்றாக ஓடினால் பெட்ரோலிலேயே ஓட்டுங்கள், இல்லையென்றால் சிஎன்ஜி பாருங்கள். தினமும் ஒரே தடத்தில் ஓடும் வேன் வைத்திருப்பவர் மாற்றலாம். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் மூன்றைக் காகிதத்தில் கேளுங்கள்: உங்கள் வண்டியின் மாடல் பெயர் இருக்கும் ஏஐஎஸ் 123 அங்கீகாரச் சான்று, பேட்டரிக்கு வருடமும் கிலோமீட்டரும் குறித்த உத்தரவாதம், ஆர்சியை மாற்றித் தரும் பொறுப்பு யாருடையது என்ற எழுத்து. இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.