வாசிப்புப் பட்டியல் என்னும் போராட்டம்

இனவெறியை எதிர்க்க விரும்பும் சாதாரண மனிதரின் கையில் இன்று முதலில் திணிக்கப்படுவது ஒரு புத்தகப் பட்டியல். 2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் ஒரு காவலரின் முழங்காலுக்கு அடியில் உயிரிழந்தபின் அமெரிக்காவில் இது ஒரு மோகமாகவே பரவியது. ராபின் டிஏஞ்சலோவின் ‘ஒயிட் ஃபிரஜிலிட்டி’, இப்ராம் எக்ஸ். கெண்டியின் ‘ஹவ் டு பி ஆன் ஆன்டிரேசிஸ்ட்’ ஆகிய நூல்கள் அடுத்த மாதமே நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியல்களின் உச்சிக்கு ஏறின. கூடிப் படிக்கும் வட்டங்கள், அலுவலகப் பயிலரங்குகள், தன்னை அறியாமல் மனத்தில் உள்ள மறைமுகச் சாய்வைக் கணினியில் அளக்கும் சோதனை, 2020 ஜூன் 2 அன்று இன்ஸ்டாகிராமை நிறைத்த கறுப்புச் சதுரங்கள் என இதன் கிளைகள் பல. முதலில் தன் மனத்தை அறிந்து திருத்திக்கொள்ள வேண்டும், மற்றதெல்லாம் அதன்பின் என்பது இவற்றின் பொதுவான கொள்கை.

இதனால் விளைந்த நன்மைகள் உண்டு. 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் அமைப்பு, கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்கு வரைபடத்தில் சிவப்பு வண்ணமிட்டு, கடன் தர ஆபத்தான இடங்கள் எனத் தரம் பிரித்தது. இத்தகைய வரலாற்றைப் பொதுவாசகரிடம் கொண்டுசேர்த்ததில் இந்த நூல்களின் அலைக்குப் பங்கு உண்டு. பேசத் தயங்கிய குடும்பங்களில் பேச்சு தொடங்கியதும் உண்மை.

ஆனால் இந்த அணுகுமுறை இனவெறியைத் தனிமனிதரின் உள்ளத்தில் படிந்த அழுக்காகக் கொள்கிறது. அதன் அடிப்படைக் குறை இதுவே. 1989இல் பெக்கி மெக்கின்டாஷ் எழுதிய சிறு கட்டுரை, வெள்ளைத் தோலால் தமக்கு அன்றாடம் கிடைக்கும் சலுகைகளை வரிசைப்படுத்திக் காட்டியது. அன்று அது பலரின் கண்ணைத் திறந்தது. அதன் வழிவந்தவர்களோ அப்படி வரிசையிடுவதையே முழுநேர வேலையாக்கிவிட்டார்கள். டிஏஞ்சலோவின் நூலில், இனவெறிக் குற்றச்சாட்டை மறுத்து வாதிடுவதும் மௌனமாக இருப்பதும் அழுவதும் வெள்ளையரின் பலவீனத்தின் அறிகுறிகளே. வாசகர் எப்படி நடந்துகொண்டாலும் கோட்பாடு தோற்பதில்லை. தன் கூச்சத்தைத் தாங்கிக்கொள்வதும் அதைப் பிறர்முன் ஒப்புக்கொள்வதும் மட்டுமே அவருக்கு மிஞ்சும் கடமைகள். அந்த ஒப்புதலால் வாடகை வீடு மறுக்கப்பட்டவருக்கு வீடு கிடைப்பதில்லை. ஒப்புக்கொண்டவருக்கு மட்டும் மனச்சுமை இறங்குகிறது.

இந்த வாசிப்பு மோகம் தான் கொண்டாடும் ஆசிரியரையே தலைகீழாகப் படித்திருக்கிறது. 2016இல் அமெரிக்கத் தேசியப் புத்தக விருது பெற்ற ‘ஸ்டாம்ப்டு ஃப்ரம் தி பிகினிங்’ நூலில் கெண்டி சொல்வது வேறு. அதிகாரத்தில் இருப்பவர்கள் தம் நலனுக்காகப் பாகுபாடான கொள்கைகளை வகுக்கிறார்கள், அவற்றை நியாயப்படுத்தவே இனவெறிக் கருத்துகள் பிறக்கின்றன என்பது அவர் வாதம். கருத்தை மட்டும் திருத்தும் முயற்சிகள் நூற்றாண்டுகளாகத் தோற்றதையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். வாசகர் வட்டங்கள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வாதத்தைக் கடையிலேயே விட்டுவிட்டன.

மனத்தைத் திருத்தினால் நடத்தை திருந்தும் என்ற நம்பிக்கைக்கு ஆய்வுகளும் துணை நிற்கவில்லை. மறைமுகச் சாய்வுச் சோதனை 1998இல் அறிமுகமானது. அத்தகைய அளவீடுகளை மாற்ற முயன்ற 492 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை 2019இல் வெளிவந்தது. சோதனை மதிப்பெண்களைச் சிறிதளவு மாற்ற முடிகிறது, ஆனால் அதனால் நடத்தை மாறுவதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. நிறுவனங்களோ அந்த நம்பிக்கையை முன்பே ஏற்றிருந்தன. ஃபிலடெல்ஃபியாவில் ஸ்டார்பக்ஸ் கடை ஒன்றில் காத்திருந்த இரு கறுப்பின இளைஞர்கள் கைதானபின், அந்நிறுவனம் 2018 மே 29 அன்று அமெரிக்காவில் 8,000க்கும் மேற்பட்ட கடைகளைப் பிற்பகலில் மூடிப் பயிற்சி நடத்தியது. கைதுக்குக் காரணமான நடைமுறையை மாற்றுவது ஒரு வேலை, ஊழியரின் மனத்துக்கு வகுப்பெடுப்பது வேறொரு வேலை. இரண்டாவதுதான் பார்வைக்குப் பெரிதாகத் தெரிகிறது.

படிப்பு முதல் படிதான், செயல் பின்னால் வரும் என்பது இம்முறையின் ஆதரவாளர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். இனவெறியை உண்மையில் அசைத்த கல்வியில் இந்த வரிசையே இல்லை. 1957இல் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில், ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில், செப்டிமா கிளார்க், ஈசா ஜென்கின்ஸ் ஆகியோரின் முயற்சியால் குடிமைப் பள்ளி தொடங்கியது. பாடம் நடத்திய பெர்னிஸ் ராபின்சன் அழகுக்கலைத் தொழிலாளி. ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர். பெயரெழுதவும் பிள்ளைகளின் கடிதங்களைப் படிக்கவும் அங்கே வந்த கறுப்பின மக்கள், மாநில அரசியலமைப்பின் பகுதிகளையும் படிக்கக் கற்றார்கள். வாக்காளராகப் பதிவுசெய்ய அதிகாரிகள் கேட்ட தேர்வு அதுதான். இவ்வகைப் பள்ளிகள் தென் மாநிலங்களெங்கும் பரவின. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் அந்த எழுத்தறிவுத் தேர்வுகளையே நிறுத்திவைத்தது.

செயல் முந்தி, கல்வி பிந்திய இடங்களும் உண்டு. 1984 ஜூலையில் டப்ளின் நகரின் டன்ஸ் கடையில் காசாளராக இருந்த மேரி மேனிங், தொழிற்சங்கத் தீர்மானத்தை ஏற்று, தென்னாப்பிரிக்கப் பழங்களுக்குப் பில் போட மறுத்தார். அவர் இடைநீக்கம் செய்யப்பட்டதும் சக ஊழியர்கள் சிலர் அவரோடு வெளியேறினார்கள். தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியைப் பற்றி அப்போது அவர்களுக்கு அதிகம் தெரியாது. நாடு கடந்து வாழ்ந்த தென்னாப்பிரிக்கரான நிம்ராட் செஜாகே கடைவாசலுக்கு வந்து அவர்களோடு நின்றபோதுதான் விவரமாகக் கற்றார்கள். ஏறத்தாழ மூன்றாண்டு நீடித்த அந்த வேலைநிறுத்தத்தின் முடிவில், 1987இல், அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்க விளைபொருள் இறக்குமதியைத் தடைசெய்தது. படித்து முடித்துவிட்டுப் பழத்தை மறுப்போம் என்று காத்திருந்தால் பழம் விற்றுத் தீர்ந்திருக்கும்.

ஃபிளாய்டின் மரண விவகாரத்திலும் சாதாரண மனிதரின் பங்களிப்பு அவர் இறந்த தெருவில்தான் நிகழ்ந்தது. காவல்துறையின் முதல் அறிக்கை அதை ஒரு மருத்துவச் சம்பவமாகவே குறிப்பிட்டது. 17 வயதான டார்னெல்லா ஃப்ரேசியர் நின்று படம்பிடித்த காணொளி அதைப் பொய்யாக்கியது. 2021இல் அந்தக் காவலர் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டபோது முக்கியச் சாட்சியமாகவும் இருந்தது. மரணத்துக்கு அடுத்த வாரம் பகிரப்பட்ட கறுப்புச் சதுரங்களோ, போராட்டச் செய்திகளுக்கான குறிச்சொல்லை அடைத்துக்கொண்டு தகவல்களை மறைத்தன.

இன்றும் இத்தகைய வழிகள் திறந்தே இருக்கின்றன. வருமானமும் தகுதியும் ஒத்த இரு தன்னார்வலர்கள், ஒருவர் கறுப்பினத்தவர், மற்றவர் வெள்ளையர், ஒரே வீட்டை வாடகைக்குக் கேட்டுச் சென்று கிடைத்த பதில்களை ஒப்பிடும் முறை அமெரிக்காவில் பல ஆண்டுகளாக உள்ளது. இப்படிச் சோதிக்கச் சென்று பொய்யான பதில் பெற்றவரும் 1968ஆம் ஆண்டின் நியாயக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரலாம் என 1982இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பாகுபாடு எப்படி நடக்கிறது என்பதை இதில் பங்கேற்பவர் நேரில் கற்கிறார், கற்றது சான்றாகவும் மாறுகிறது. நூல்கள் இத்தகைய வேலைக்கு உதவும்போது கருவியாகின்றன. எந்த அலுவலகத்தையும், எந்த விதியையும், எந்த வாடகை ஒப்பந்தத்தையும் நோக்காத வாசிப்பு, வாசிப்பவரின் தன்மதிப்பை உயர்த்துவதோடு நின்றுவிடும்.