கங்கு ஏறும் நேரம்

மீஞ்சூரிலிருந்து வள்ளூர்ப் பக்கம் வருகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள்தான். 1500 மெகாவாட் நிலையம். நிலக்கரியை மாவாகப் பொடித்துக் காற்றோடு ஊதி எரிக்கிறார்கள். நீராவி 540 டிகிரியை ஒட்டியே நிற்கிறதா என்று கருவிகள் இரவு பகலாகக் கண்காணிக்கின்றன. அதே ஊர்ப்பக்கத்தில், கல்யாணப் பந்தலுக்குப் பின்னால், செங்கல் அடுக்கிய அடுப்பில் விறகை வைத்து, ஒரு மானியும் இல்லாமல் தேக்சா தேக்சாவாகப் பிரியாணி இறக்குகிறார் மாஸ்டர். நெருப்பை ஆளும் கலையை ரசிக்க நான் போய் நிற்பது இந்தப் பந்தலுக்குப் பின்னால்தான்.

தேக்சாவுக்குள் வெப்பமானியை விட்டால் என்ன தெரியும்? தண்ணீர் இருக்கும்வரை 100 டிகிரியை ஒட்டியே காட்டும். அடுப்பு நிதானமாக எரிந்தாலும் அதே எண். கொழுந்துவிட்டு எரிந்தாலும் அதே எண். அடியில் ஈரம் தீர்ந்த இடத்தில்தான் சூடு கிடுகிடுவென ஏறும். மானி அதைச் சொல்லும்போது மசாலா அடிப்பிடித்திருக்கும். அதனால் மாஸ்டர் காதைத்தான் நம்புகிறார். தளதளவென்று இருந்த கொதி, மசாலா சுண்டச் சுண்டக் கனத்துப்போய், ‘பொத், பொத்’ என்று வெடிக்கத் தொடங்கும். அது சிடுசிடுப்பாக மாறுவதற்கு முன்பே, “டேய், நெருப்ப வெளிய இழு” என்று குரல் வந்துவிடும்.

ஏன் முன்பே? விறகு சொன்னவுடன் கேட்காது. கேஸ் அடுப்பில் குமிழைத் திருப்பினால் அந்த நொடியே சுடர் அடங்கும். விறகில் அப்படி இல்லை. காய்ந்த கட்டையின் எடையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வாயுவாகப் பிரிந்து சுடராக எரிகிறது; எஞ்சியது கங்காகக் கனல்கிறது. புதுக் கட்டையைச் செருகினால் அது முதலில் தன் ஈரத்தை ஓட்டத்தான் சூட்டை எடுத்துக்கொள்ளும். அடுப்பு சற்று மந்தமாகி, பிறகுதான் எகிறும். கட்டையை இழுத்தால் சுடர் போகும், கங்கு போகாது. கனத்த தேக்சாவும் வாங்கிய சூட்டை உடனே விடாது. ஆக, இப்போது வேண்டிய சூட்டை முன்கூட்டியே நினைத்திருக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்தக் கலையின் உயிரே இந்த முன்யோசனைதான்.

விறகிலும் சாதகம் உண்டு. பொன்னேரிப் பக்கத்து மணல் நிலத்தில் சவுக்குக்குப் பஞ்சமில்லை. ராயபுரத்திலிருந்து 1856இல் ரயில் ஓடத் தொடங்கியது. அதன் பின் பட்டணத்துக்கும் எஞ்சினுக்கும் விறகு தேவைப்பட்ட காலத்தில் இந்தக் கரையோரம் சவுக்குத் தோப்புகள் பெருகின. நெடுநெடுவென்று ஒரே பருமனில் வரும் மரம். எவ்வளவு உள்ளே தள்ளினால் எவ்வளவு எரியும் என்று கணக்கு வைக்க வசதி. கங்கும் சீக்கிரம் சாம்பலாகாது.

காற்று வேறு இருக்கிறது. எண்ணூர்க் கடல் பக்கம்தான். பகல் ஏறியதும் கடற்காற்று புகுந்து சுடரை மேற்கே சாய்க்கும். தேக்சாவின் ஒரு பக்கம் பொங்கும்போது மறுபக்கம் சும்மா கிடக்கும். கிழக்கே ஒரு தகரத்தை நிறுத்திவைத்து, கட்டைகளைக் காற்று வரும் பக்கமாக நகர்த்துகிறார் மாஸ்டர்.

எல்லாவற்றிலும் அழகு தம் போடுகிற வேளைதான். முக்கால் வேக்காட்டில் வடித்த அரிசி மசாலாவின் மேல் இறங்கியாயிற்று. கட்டைகள் மொத்தமும் வெளியே. மூடியின் விளிம்பில் ஈரத்துணி. பிறகு அடுப்பின் வாயிலிருந்து மண்வெட்டியால் கங்கை வாரி மூடியின் மேல் பரப்புகிறார். ஒரே கைவேலையில் இரண்டு காரியம்: அடிச்சூடு இறங்குகிறது, மேற்சூடு ஏறுகிறது. மூடி சூடாக இருப்பதால் ஆவி அதில் பட்டு நீராகி அரிசிமேல் சொட்டுவதில்லை; மேல் சோறு குழையாமல் உதிரியாக நிற்பதன் ரகசியம் அதுதான். சாமானும் எரிபொருளும் கூடுதலாக எதுவும் வேண்டாம், நெருப்பின் இடத்தை மாற்றினாலே போதும் என்பதை முதலில் கண்டுபிடித்தவரை நினைத்து நான் வியக்காத நாளில்லை.

கங்கு இல்லாத ஓர் ஓரத்தில் விரல் நுனியால் தண்ணீர் தெளித்துப் பார்க்கிறார். துளி சோம்பலாகக் காய்ந்தால் இன்னும் கங்கு வேண்டும். சுர்ரென்று இழுத்துக்கொண்டால் சரி. முத்து மாதிரி உருண்டு ஓடினால் மூடி 200 டிகிரிவாக்கில் போய்விட்டது. கொஞ்சம் கங்கைத் தள்ளிவிட வேண்டும். துளிக்கும் சூடான இரும்புக்கும் நடுவே ஆவி மெத்தை போட்டுக்கொள்வதால் வரும் ஓட்டம் இது. விஞ்ஞானிகள் இதை லைடன்ஃப்ராஸ்ட் விளைவு என்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் இதை எழுதிவைத்த ஜெர்மானிய மருத்துவரின் பெயர் அது.

வரிசையாகப் பல தேக்சாக்கள் இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமாகும். முதல் தேக்சாவின் தம் உடைந்ததும் அதன் மூடிக் கங்கு அடுத்ததன் மேல் ஏற வேண்டும். அதற்குள் அது தணிந்துவிடக் கூடாது; அடுத்ததும் அந்தப் பதத்துக்குச் சரியாக வந்திருக்க வேண்டும். அதனால் எந்த அடுப்பை எப்போது பற்றவைப்பது என்பதை, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் முடிவு செய்துவிடுகிறார்.